சென்னை சென்றால் கோயம்பேட்டையும் பாருங்கள்

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி பகுதி வணிகர்கள் கல்யாணம், காரியம் என்று சென்னை செல்வதுண்டு. அப்போது ஒரு விடியற்காலையைக் கோயம்பேடு மார்க்கெட்டுக்கு ஒதுக்கவேண்டும். ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி நெரிசலைக் குறைப்பதற்காக 1996-இல் திறக்கப்பட்டது இது.

லாரிகளில் சரக்கு இறங்கி, மொத்த விலை முடிவாவதெல்லாம் விடியுமுன்பே. அங்கே தக்காளி விலையைக் கேட்டுக்கொண்டு, பிறகு தெருக்கடையிலும் கேளுங்கள். கூடுதலாக உள்ளது முழுவதும் லாபம் என்று எண்ணிவிடக்கூடாது. வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, சேதாரம் எல்லாம் அதில் அடக்கம்.

உதாரணமாக, கிலோ 18 ரூபாய் வீதம் 100 கிலோ வாங்குகிறோம். அதில் 10 கிலோ அழுகிப் போனால், மிஞ்சிய 90 கிலோவுக்கு அடக்கமே கிலோ 20 ரூபாய். வாடகை, கூலி தனி. 19 ரூபாய்க்கு விற்றவர் லாபம் என்று நினைப்பார், கைமுதல்தான் கரையும்.

இது காய்கறிக்கு மட்டுமல்ல. விருதுநகரில் வாங்கும் மிளகாய் வற்றல் ஈரப்பதமாக இருந்தால், காயக் காய எடை குறையும். பருப்பில் வண்டு விழும், மூட்டையில் சிந்தும்.

ஆகவே ஊர் திரும்பியதும் ஒரு மாதம் சரக்குவாரியாகச் சேதாரத்தை நோட்டில் எழுதி வாருங்கள். பக்கத்துக் கடைப் போட்டிக்காக விலையைக் குறைக்குமுன் அந்த நோட்டைப் பார்ப்பது நலம்.