சுரங்கத்தின் சாவி யாரிடம்?

அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் யுரேனியம் சுரங்கத் தொழிலாளர்களைத் தேடி 1950-ல் அரசு மருத்துவர்கள் வந்தார்கள். ரத்தம், சிறுநீர் எடுத்தார்கள். மார்பை எக்ஸ்ரே பிடித்தார்கள். வேலைசெய்யும் இடத்துக்கே டாக்டர் வந்து இலவசமாகப் பார்த்துவிட்டுப் போகிறார் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? தொழிலாளர்களில் பலர் நவஹோ பழங்குடியினர்; ஆங்கிலம் அறியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். எதைத் தேடி இந்தச் சோதனை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

மறதியால் அல்ல. சுரங்கங்கள் தனியார் கையில் இருந்தன. உள்ளே போய்க் காற்றை அளக்க முதலாளியின் அனுமதி வேண்டும். ஆபத்தைப் பற்றித் தொழிலாளியிடம் பேசக் கூடாது என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டுதான் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை உள்ளே நுழைந்தது. விஷயம் தெரிந்தால் ஆட்கள் வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். வெட்டிய யுரேனியம் அணுகுண்டுக்குப் போனது; வாங்கியது அரசின் அணுசக்தி ஆணையம்.

ஆபத்து அப்போது புதிரும் அல்ல. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்வது நுரையீரல் கட்டி என்று 1879-லேயே இரண்டு மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். காரணம் ரேடான் வாயு. உண்மையில் ரேடானைவிட அது சிதைந்து பிறக்கும் பொலோனியம்தான் பெரிய வில்லன். ரேடான் பெரும்பாலும் மூச்சோடு வெளியேறிவிடும். பொலோனியம் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் தங்கும், அங்கிருந்தபடி ஆல்ஃபா கதிர்களை வீசும். 1951-ல் இது கணக்கிட்டுக் காட்டப்பட்டது. தீர்வும் கம்பசூத்திரம் இல்லை: பெரிய மின்விசிறி வைத்துச் சுரங்கத்துக்குள் காற்றோட்டம் தருவது.

இந்த ஆய்வாளர்களை அரக்கர்களாக்கிவிட்டால் கதை சுலபமாகிவிடும். ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான டங்கன் ஹாலடே, காற்றோட்டம் வேண்டும் என்று அதிகாரிகளிடமும் கம்பெனிகளிடமும் மன்றாடிக்கொண்டே இருந்தார். உள்ளே விடாவிட்டால் ஆதாரம் கிடைக்காது, ஆதாரம் இல்லாவிட்டால் சட்டம் வராது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆதாரம் என்று அவர்கள் காத்திருந்தது தொழிலாளர்களின் சாவுக் கணக்குக்காக. சுமார் 4,000 பேரைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், 1960 வாக்கில் நுரையீரல் புற்றுச் சாவுகள் கூடியிருப்பது தெளிவாகிவிட்டது. மத்திய அரசின் தொழிலாளர் துறைச் செயலாளர் வில்லர்ட் விர்ட்ஸ் கதிர்வீச்சு வரம்பை அறிவித்தது 1967-ல்.

சிகரெட்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நவஹோ ஆண்களிடையே புகைப்பழக்கம் குறைவு. 1984-ல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் புற்று கண்ட 32 நவஹோ ஆண்களில் 23 பேர் யுரேனியம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். அதே ஆண்டு அரிசோனாவில், எச்சரிக்காத குற்றத்துக்காக அரசின் மீது தொடுத்த வழக்கு தோற்றது. அரசின் கொள்கை முடிவுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்றது நீதிமன்றம்.

பணியிட ஆய்வில் இந்தச் சிக்கல் எங்கேயும் உண்டு. உடம்பு தொழிலாளியுடையது, வாசலின் சாவி முதலாளியுடையது. மேலாளர் பக்கத்தில் நிற்க நீட்டப்படும் படிவத்தில் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் தொழில்சார் மருத்துவர்களுக்கான சர்வதேச நெறிமுறை, சோதனை முடிவைத் தொழிலாளிக்கு விளக்கச் சொல்கிறது. முதலாளிக்கு அவர் வேலைக்குத் தகுதியானவரா என்பதைத் தாண்டி நோய் விவரம் போகக் கூடாது என்கிறது. கொலராடோ பீடபூமியிலோ, முதலாளிக்குத் தெரிந்த ஆபத்து தொழிலாளியிடம் மறைக்கப்பட்டது.

1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. பாதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளிக்கு 1,00,000 டாலர் என்று சட்டம் போட்டது. இறந்தவர்களின் மனைவிகள் விண்ணப்பித்தார்கள். கணவனின் எக்ஸ்ரேயும் ரத்தக் கணக்கும் அரசுக் கோப்பில் பத்திரமாக இருந்தன. ஆனால் பழங்குடி முறைப்படி நடந்த கல்யாணத்துக்குச் சான்றிதழ் எங்கே என்று அதிகாரிகள் கேட்டார்கள்.