உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு

"அரிசியில் கல் இருக்கிறதே!" என்று மளிகைக்காரரிடம் சொல்கிறீர்கள். "இருக்காதே, அம்மா!" என்கிறார் அவர். ஒருவேளை அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால், "இந்த மூட்டையில் கல் உண்டு" என்று அவரே எழுதி வைத்த சீட்டு ஒன்று கடையின் பின்கட்டில் அகப்பட்டால், என்ன நினைப்பீர்கள்?

அப்படிப்பட்ட சீட்டுகளைத்தான் அமெரிக்காவில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். கடை சாமானியக் கடை அல்ல. உலகத்தின் மிகப் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளுள் ஒன்றான எக்ஸான்!

பெட்ரோலையும் நிலக்கரியையும் எரித்தால் கரியமில வாயு உண்டாகிறது. அது ஆகாயத்தில் சேர்ந்து, கம்பளி போர்த்தியதுபோல் பூமியின் உஷ்ணத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. இந்த அபாயத்தை 1977-ம் வருஷத்திலேயே எக்ஸான் நிர்வாகிகளுக்கு எடுத்துச் சொன்னார், அந்தக் கம்பெனியின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக். நிர்வாகிகளும் அதை அலட்சியம் செய்துவிடவில்லை. 1979-ல் 'எஸ்ஸோ அட்லாண்டிக்' என்ற தங்கள் எண்ணெய்க் கப்பலில் கருவிகளைப் பொருத்தி, கடலிலும் காற்றிலும் உள்ள கரியமில வாயுவை அளக்க ஏற்பாடு செய்தார்கள்.

இதெல்லாம் உள்ளே நடந்த கதை. வெளியே நடந்தது என்ன?

'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில், கட்டுரை போலவே தோன்றும் விளம்பரங்கள் வெளிவந்தன. முதலில் அவற்றை வெளியிட்டது மோபில் கம்பெனி. 1999-ல் எக்ஸானும் மோபிலும் ஒன்றாக இணைந்த பிறகும் அவை தொடர்ந்தன. "உஷ்ணம் ஏறுகிறது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை" என்ற தோரணையில் அவற்றில் பல எழுதப்பட்டிருந்தன.

2015-ல் பத்திரிகை நிருபர்கள் எக்ஸானின் பழைய காகிதங்களை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார்கள். "எல்லாவற்றையும் படித்துப் பார்த்து நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்ற பொருள்படக் கம்பெனி பதில் சொல்லிற்று. சரி, படித்துத்தான் பார்ப்போமே என்று துணிந்தார் நவோமி ஓரெஸ்கஸ். ஹார்வர்டு சர்வகலாசாலையில் விஞ்ஞான சரித்திரம் போதிக்கும் பேராசிரியை அவர். அவருக்குத் துணையாகச் சேர்ந்தார் ஜெஃப்ரி சூப்ரான் என்ற ஆராய்ச்சியாளர்.

187 தஸ்தாவேஜுகளை இருவரும் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மனிதன் செய்கையால் பூமி சூடாகிறது என்பதைக் கம்பெனியின் உள் காகிதங்களில் நூற்றுக்கு 80 ஒப்புக்கொண்டிருந்தன. விளம்பரங்களிலோ நூற்றுக்கு 12-தான் ஒப்புக்கொண்டன. 81 சந்தேகத்தைக் கிளப்பின!

2023-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஸ்டெஃபான் ராம்ஸ்டார்ஃபும் இவர்களுடன் சேர்ந்துகொண்டார். 1977 முதல் 2003 வரை எக்ஸான் விஞ்ஞானிகள் போட்டு வைத்த உஷ்ணக் கணக்குகளை, உண்மையில் ஏறிய உஷ்ணத்தோடு மூவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு 63 முதல் 83 வரை பலித்திருந்தன! பத்து வருஷத்துக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி ஏறும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஜோசியம் அல்ல, சுத்தமான விஞ்ஞானம்.

இந்த ஆராய்ச்சிகள் சொல்வதைக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. தங்களைத் தவறாகச் சித்திரிக்கிறார்கள் என்பது அதன் வாதம்.

குடும்பப் பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஓரெஸ்கஸும் சூப்ரானும் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கம்பெனி வெளியே பேசிய வார்த்தைகளை எண்ணிப் பார்த்தார்கள். பேச்சு மெல்ல மெல்ல வாடிக்கைக்காரர்களின் பக்கம் திரும்பியிருந்தது. ஜனங்களுக்கு வேண்டியிருக்கிறது, அதனால்தான் எண்ணெய் எடுக்கிறோம் என்பது போன்ற பேச்சு அது. விற்றவர் மேல் இருந்த பொறுப்பு, வாங்கியவர் தலைக்கு நகர்ந்துவிட்டது!

வேண்டாத விளக்கை அணைப்பதும், அடுப்பை அளவாக எரிப்பதும் நல்ல பழக்கங்கள்தாம். அவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால், பூமி சூடானதற்கு நம் சமையலறைதான் காரணம் என்று யாராவது சொன்னால், தலை குனிய வேண்டாம். "உங்களுக்கு எப்போது தெரியும்? தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தப் பேராசிரியை கேட்டதும் அதே கேள்விதான்.