கட்டளைவரியில் ஒலிக்கும் எழுத்து

கட்டளைவரி எழுத்தால் இயங்கும் களம். நாம் கட்டளையைத் தட்டச்சு செய்கிறோம். கணினியும் எழுத்தாலேயே மறுமொழி தருகிறது. ஆயினும் யூனிக்ஸ் மரபில் வந்த கட்டளைகள் பல, பணி செவ்வனே முடிந்தால் ஒன்றும் சொல்வதில்லை. சிறு பணிக்கு இம்மௌனம் போதும். அரை மணி நேரம் ஓடும் பணிக்காக நாம் திரையையே நோக்கியிருத்தல் இயலாது. திரையைக் காணவே இயலாத மாணவருக்கோ, பணி முடிந்ததா இடையில் நின்றதா என்பதை அம்மௌனம் உணர்த்துவதில்லை. இவ்விடத்தில் துணைக்கு வருவது ஒலி.

இத்துணை புதியதன்று. 1963ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்கி குறிமுறையிலேயே 7ஆம் எண் மணிக்கு ஒதுக்கப்பட்டது. அவ்வெண் வந்து சேர்ந்ததும் தொலையச்சுப் பொறியில் உண்மையான மணியே ஒலித்தது. எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டு உண்டென்பது நம் இலக்கணம். ஒலிவடிவம் மட்டுமே கொண்ட எழுத்தென இம்மணியைக் கொள்ளலாம். இன்றைய முனைய நிரல்களும் இதனைப் போற்றுகின்றன. தத்தல் விசையை அழுத்தும்போது பொருந்தும் பெயர்கள் பலவாயின், ‘இன்னும் தெளிவாகச் சொல்க’ என்பதுபோல் மணி ஒலிப்பதுண்டு.

ஆனால் மணி ‘கவனி’ என்று மட்டுமே கூறும். நிகழ்ந்தது யாது என்று கூறாது. ஒரு கட்டளையை அடுத்து அரைப்புள்ளியிட்டு மணிக்கட்டளையைச் சேர்த்தால், பணி வென்றாலும் தோற்றாலும் ஒரே மணிதான். அதை வெற்றியெனக் கருதி மூலக் கோப்பை அழிப்பவர் தம் உழைப்பை இழக்க நேரும். இதற்குத் தீர்வும் கட்டளைவரியிலேயே உள்ளது. ஒவ்வொரு கட்டளையும் முடிவில் ஓர் எண்ணை விட்டுச்செல்கிறது. 0 எனில் வெற்றி. வேறு எண் எனில் பெரும்பாலும் தோல்வி. அவ்வெண்ணை நிபந்தனைத் தொடரால் சோதித்து, வெற்றிக்கு ஓர் ஒலியும் தோல்விக்கு வேறோர் ஒலியும் அமைக்கலாம்.

பார்வையற்ற கணினி அறிஞர் டி. வி. இராமன் 1995இல் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக் இந்நெறியை விரிவாகக் கையாள்கிறது. அது திரையிலுள்ள உரையைப் பேசிக்காட்டுவதோடு, கோப்பைத் திறத்தல், சேமித்தல், மூடுதல் போன்ற செயல்களுக்குத் தனித்தனிச் சிற்றொலிகளையும் தருகிறது. ‘சேமிக்கப்பட்டது’ என்னும் சொல்லை முழுதும் கேட்பதைவிட ஒரு சிற்றொலியைக் கேட்பது விரைவானது. பேச்சு தொடரும்போதே அதனையும் செவி பிரித்தறியும்.

வகுப்பறையில் இதனைக் கையாள விழைவோர் மூன்றை மனத்திற் கொள்ளல் நன்று. ஒலிகள் சிலவாகவும் குறுகியனவாகவும் இருத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் ஒலித்தால் எதுவும் செவியில் தங்காது. ஒரு செயலுக்குரிய ஒலியை மற்றொன்றுக்கு மாற்றலாகாது. செவித்திறன் குறைந்த மாணவர் பொருட்டு அதே செய்தி திரையிலும் தோன்றுதல் வேண்டும்.

அமைத்து முடித்தபின், மாணவரைத் திரைக்கு முதுகு காட்டி அமரச் செய்து, வெல்லும் கட்டளை ஒன்றையும் தோற்கும் கட்டளை ஒன்றையும் இயக்கிக் காட்டுவோம். எது வென்றது என்று அவர் தயங்காமல் கூறுவாராயின், நம் ஒலிக்குறிகள் பொருளுடையன எனத் துணியலாம்.