புது மரப்படி ஜோரா இருக்கா? பாக்கியை செட்டில் பண்றதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க!

சின்ன மனையில் மாடி எடுப்பவர்கள், இடத்தை மிச்சம் பிடிக்க வீட்டுக்குள்ளேயே மரப்படி போடுகிறார்கள். பாலீஷ் பளபளப்பைப் பார்த்து மயங்கி, முழுக்கூலியையும் கொடுத்துவிட்டு அப்புறம் முழிப்பவர்கள் பலர். படி சரியா இருக்கான்னு நீங்களே பார்க்கலாம். டேப்பும் டார்ச்சும் போதும்.

உயரம்தான் முதல்ல

ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து எழுதுங்க. எல்லாம் ஒரே அளவா இருக்கணும். இரண்டு மூணு படி ஏறியதுமே கால் அந்த அளவுக்குப் பழகிடும். அப்புறம் கீழே பார்க்காமலேயே நடப்போம். நடுவுல ஒரு படி அரை அங்குலம் கூடினாலும் கால் தடுக்கும். வயசானவங்க விழுந்தா இடுப்பெலும்பு போச்சு!

தேசிய கட்டிட விதிப்படி வீட்டு மாடிப்படியில் ஒரு படியின் உயரம் 19 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. கால் வைக்கும் அகலம் 25 செ.மீ.க்குக் குறையக்கூடாது.

கீழ்ப்படியிலும் மேல்படியிலும்தான் பெரும்பாலும் அளவு மாறும். காரணம் டைல்ஸ். படி போட்ட பிறகு கீழே டைல்ஸ் ஒட்டினால் முதல் படி குட்டையாகும். மாடியில் ஒட்டினால் கடைசிப் படி உயரமாகும். அதனால தரை எவ்வளவு உயரும்னு தச்சரிடம் முன்னாடியே சொல்லிடுங்க.

அடியில் டார்ச் அடிங்க

மரத்தின் யோக்கியதை படிக்கு அடியில்தான் தெரியும். வைரம் பாய்ந்த பகுதி கருத்து இருக்கும். வெளுத்த ஓரக்கட்டை சீக்கிரம் உளுத்துப்போகும். குண்டூசி அளவு ஓட்டையும், மாவு மாதிரி தூளும் இருந்தால் பூச்சி விழுந்தாச்சுன்னு அர்த்தம். மூட்டுகளில் பசையும் மரத்தூளும் குழைத்து அடைச்சிருக்கான்னு பாருங்க. ஈரம் காயாத மரம் என்றால் சில மாதத்தில் சுருங்கி மூட்டு விட்டுப்போகும். பாலீஷ் அடிச்சா இதெல்லாம் மறைஞ்சிடும். அதனால அதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

ஏறி மிதிச்சுப் பாருங்க

ஒவ்வொரு படியிலும் நடுவில், இரண்டு ஓரத்தில் மிதிங்க. 'கிரீச்' சத்தம் வந்தா பலகை லூசா இருக்கு. வெறும் ஆணி நாளடைவில் கழன்று வரும். ஸ்குரூ போட்டு முறுக்கச் சொல்லுங்க. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் அசையவே கூடாது. கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தைக்கு ஆபத்து. படியின் அடிக்கட்டை தரையில் நேராக உட்கார்ந்தால், வீடு கழுவுற தண்ணி ஏறி கரையானை அழைச்சிட்டு வரும். அடியில் கல் வைக்கச் சொல்லுங்க.

சத்தத்தை ஸ்குரூ முறுக்கி நிறுத்திடலாம். உயரம் தப்பினால் படியையே பிரிக்கணும். அதனால முதல்ல அளந்து பாருங்க. பாக்கிப் பணம் கையில இருக்கும்போதே குறையைச் சொல்லி சரி பண்ணிக்குங்க.