சொந்த லாரி ஓட்டுபவரே, உங்களுக்குத் தெரியுமா?

கல்வராயன் மலையடிவாரத்து மரவள்ளிக்கிழங்கு சேலத்துச் சேகோ ஆலைகளுக்குப் போவதும், கள்ளக்குறிச்சி அரிசி மூட்டை வெளியூர் போவதும் லாரியில்தான். கள்ளக்குறிச்சியின் கருணாபுரம் போன்ற ஒரு பகுதியில் இருந்துகொண்டு, கடனுக்கு ஒரு வண்டி எடுத்துத் தானே ஓட்டுகிறவரே டிரைவரும் முதலாளியும் கணக்குப்பிள்ளையும். அவருக்காக இந்த வாரம்.

• பத்து வண்டிக்கு மிகாமல் வைத்திருப்பவர் டீசல் பில், டயர் பில் எல்லாம் சேர்த்துவைத்து வரிக்கணக்கு எழுத வேண்டியதில்லை. வருமான வரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு எளிய வழி ஒன்றைத் தருகிறது. (2026 ஏப்ரல் 1 முதலான புதிய சட்டத்திலும் இது உண்டு.) மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டி என்றால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டினால் போதும். சிறிய வண்டிக்கு மாதம் 7,500. பத்துச் சக்கர லாரி 28.5 டன் என்றால் மாதம் 28,500, ஆண்டுக்கு 3,42,000. வேறு வருமானம் இல்லாதவருக்குப் புதிய வரி முறையில் இதற்கு வரியே வராது. ஆனாலும் ரிட்டர்ன் போடுங்கள். அடுத்த வண்டிக்கு வங்கியில் கடன் கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

• வண்டி பட்டறையில் நின்ற மாதமும் மேற்படி கணக்கில் சேரும். ஓடியதா என்று சட்டம் பார்ப்பதில்லை. வண்டி உங்களிடம் இருந்ததா என்றுதான் பார்க்கிறது.

• பத்து வண்டிக்கு மேல் இல்லை என எழுதிக் கொடுத்து, பான் எண்ணையும் தந்துவிட்டால் வாடகையில் டிடிஎஸ் பிடிக்கக் கூடாது. பான் தராவிட்டால் 20 சதவீதம் வரை பிடிப்பார்கள். டீசல் போகக் கையில் நிற்பதே கொஞ்சம்; அதையும் இழக்காதீர்கள்.

• வங்கிகள் பழைய லாரிக்குக் கடன் தரத் தயங்கிய காலத்தில், 1979இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் அந்த லாரிகளை வாங்கிய டிரைவர்களை நம்பியே வளர்ந்தது.

• 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம் சொல்கிறது. கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 தனி. ஐந்து டன் அதிகம் ஏற்றினால் 30,000. லோடை இறக்கும் செலவும் உங்கள் தலையில். ‘இன்னும் நாலு மூட்டை’ என்று கெஞ்சுகிறவர் எடை மேடையில் வந்து நிற்கமாட்டார்.

• இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம்தான் செல்லும். வழியில் ஆக்சில் உடைந்து தாமதமானால், கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டித்துக்கொள்ளலாம். புக்கிங் ஆபீசுக்கு உடனே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். விட்டால் சரக்கோடு வண்டியையும் நிறுத்திவைப்பார்கள், டியூ தேதி நிற்காது.

• மூன்றாம் நபர் காப்பீடு, நீங்கள் மோதியவருக்கானது. ஸ்டீயரிங்கில் இருக்கும் உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. உங்களுக்கென்று இருப்பது 15 லட்சம் ரூபாய்க்கான உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் அந்தப் பணம் கிடைக்கும். சம்பளத்துக்கு வைத்த டிரைவருக்கு இது பொருந்தாது, அவருக்கான பாதுகாப்பு பாலிசியில் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வீட்டில் படித்துக்காட்டுவதென்றால் இதைக் காட்டுங்கள். பாலிசி எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

• வண்டியை விற்றுப் பணமும் வாங்கியாயிற்று, ஆர்.சி. மட்டும் இன்னும் உங்கள் பெயரில் என்றால், அந்த வண்டி செய்யும் விபத்துக்கு இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள்மீது விழும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விடாமல், பெயர் மாறிவிட்டதா என்று ஆர்.டி.ஓ. பதிவில் நீங்களே பாருங்கள்.