அமெரிக்க ஆதிக்குடிகளின் வருகைக் கோட்பாடுகளும் நிலவுரிமையும்

அமெரிக்க ஆதிக்குடிகள் ஆசியாவிலிருந்து தரைவழியே வந்திருத்தல் கூடுமென 1590 இலேயே யேசு சபைத் துறவி ஹோசே தே அக்கொஸ்தா ஊகித்தார். ஆயினும், 19ஆம் நூற்றாண்டில், அங்குள்ள தொன்மையான மண்மேடுகளை எழுப்பியோர் அழிந்துபோன வேறோர் இனத்தவர் என்ற கதையே பரவலாயிற்று. 1830 இன் வெளியேற்றச் சட்டத்தால் நிலமிழந்த குடிகளைப் பின்வந்தோராகக் காட்ட அது துணைபோயிற்று. 1894 இல் வெளியான சைரஸ் தோமஸின் அறிக்கை அக்கதையைத் தகர்த்தது.

பின்னர் செல்வாக்குற்ற குளோவிஸ் கோட்பாடு, ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்படலங்களுக்கிடையே திறந்த வழியால் வேட்டையாளர் தெற்கே வந்தனர் என்றது. 2021 இல் வெளியான ஆய்வோ, நியூ மெக்சிக்கோவின் வைற் சாண்ட்ஸ் காலடித்தடங்களை 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழைமையனவெனக் கணித்தது. அக்காலத்தில் அவ்வழி மூடுண்டிருந்தது. எனவே பசிபிக் கரையோர வழியையோ, பனி மூடுமுன் நிகழ்ந்த வருகையையோ நாம் கருதவேண்டியுள்ளது. கோட்பாடு எதுவாயினும், அது எவரது நிலவுரிமைக்குத் துணைபோகின்றது என்ற வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும்.