கனவுறக்கத்தில் மூளையின் குருதியோட்டம்

உறக்கத்தில் உடல் ஓய்தல் போல மூளையும் ஓய்கின்றது என்பது நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்னும் இருவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை அசைத்தது. உறங்குவோரின் கண்கள் மூடிய இமையின்கீழ் இடையிடையே விரைந்து இயங்குதலை அவர்கள் கண்டனர். டிமென்ட்டும் கிளெய்ட்மனும் 1957-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணியக்கம் நிகழுங்கால் 191 முறை எழுப்பப்பட்டோர் 152 முறை தாம் கண்ட கனவை எடுத்துரைத்தனர். பிறபொழுது எழுப்பிய 160 முறையுள் 11 முறையே கனவு கூறப்பட்டது. பிரான்சு நாட்டு மிஷேல் ஷுவே, பூனைகளின் தசைகள் தளர்ந்து கிடக்க மூளை மட்டும் விழிப்பிற்போல் இயங்குதலைக் கண்டு, 1959-இல் இதனை 'முரணுறக்கம்' என்றார்.

அங்ஙனமாயின், மூளை முழுவதும் விழித்துளதோ என்னும் வினா எழுகின்றது. இதற்கு விடை தந்தது குருதியோட்ட ஆய்வு. மூளையில் எப்பகுதி மிகுதியாகத் தொழிற்படுகின்றதோ அப்பகுதிக்குக் குருதி மிகுந்து பாயும். எனவே, கதிரியக்க உயிர்வளி கலந்த நீரைச் சிறிதளவு குருதியிற் செலுத்தி, அது சென்று சேரும் இடங்களைக் கருவியால் அளந்தனர். பெல்சியத்தில் மக்கே குழுவினர் 1996-இலும், அமெரிக்காவில் பிரான் குழுவினர் 1997-இலும் இம்முறையில் கண்ட முடிவுகள் பெரும்பாலும் ஒத்துள்ளன. மூளைத்தண்டின் மேற்பகுதியிலும், அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவிலும் குருதியோட்டம் மிகுந்திருந்தது. திட்டமிடலுக்கும் ஆராய்ந்து தெளிதலுக்கும் துணைபுரியும் நெற்றிப்புறணியின் மேற்பக்கப் பகுதியிலோ அது குறைந்திருந்தது.

கனவில் இறந்தார் வந்து உரையாடினும் நாம் வியப்பதில்லை. இல்லாத புலிக்கு அஞ்சி நடுங்குகின்றோம். உணர்ச்சிக்குரிய பகுதி ஊக்கமுற்றிருக்க, ஐயுற்று ஆராயும் பகுதி தணிந்திருத்தல் இதற்கு ஏற்ற விளக்கமாகின்றது.

எனினும், குருதியோட்டத்தையே கனவெனக் கொள்ளுதல் பொருந்தாது. கண்ணியக்கமில்லா உறக்கத்திலும் கனவு தோன்றுதலைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மூளையின் சில பகுதிகள் சிதைந்தோர்க்குக் கண்ணியக்க உறக்கம் நிலைத்திருந்தும் கனவு அற்றுப்போதலை மார்க் சோம்ஸ் 1997-இல் விளக்கினார். குருதியோட்டம் கனவு நிகழுங்கால் மூளையிற் காணும் நிலையைக் காட்டும். கனவின் பொருளை உரைக்காது.

இவ்வெல்லை நமக்கும் உரியதே. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி எனச் சைவ சித்தாந்தம் வகுக்கும் அவத்தைகளுள் கனவு ஆழ்ந்த உறக்கத்தினின்றும் வேறாக எண்ணப்படுகின்றது. அதுகொண்டு, கருவி கண்ட உண்மையைப் பண்டையோர் முன்னரே கண்டனர் எனல் மிகையாகும். அவர் ஆராய்ந்தது உயிரின் அறிநிலை. இவர் அளந்தது குருதியின் போக்கு. இரண்டனையும் அவ்வவற்றின் இடத்தில் வைத்து நோக்குதலே ஆய்வு நெறிக்கு ஏற்புடைத்து.